நான்காவது வரி: தமிழ்நாட்டு மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. மைக்ரோபயாலஜியில் பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பதினோரு வருஷமாக மெடிக்கல் கோடிங்கில் இருக்கிறேன். அமெரிக்காவில் எங்கோ ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து எழுதிவைத்த சார்ட், ராத்திரி எங்கள் திரைக்கு வரும். அதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். எண் தப்பானால் இன்சூரன்ஸ்காரன் பணம் தரமாட்டான். எனக்கு ஆடிட்டில் மார்க் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற அந்த நோய்ப் பட்டியலை நீங்கள் எம்.டி. பரீட்சைக்குப் படித்துவிட்டு அலமாரியில் வைத்திருப்பீர்கள். எனக்குச் சோறு போடுவதே அதுதான்.

இந்த மடலை எழுத அது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் தம்பி. அவன் திருநம்பி. அவன் பிறந்த அன்று "ரெண்டாவதும் பொண்ணு" என்று அப்பா தெருவுக்கே சொல்லிவிட்டு வந்தார். இருபது வருஷம் எனக்கு அவன் தங்கைதான். இப்போது 26 வயது, ஒரு பைக் ஷோரூமில் வேலை. "அக்கா" என்று கூப்பிடும் குரல் மட்டும் கொஞ்சம் கரகரத்திருக்கிறது.

2023-ல் ஹார்மோன் சிகிச்சைக்குப் போனபோது, மனநல மருத்துவரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் ஊசி என்றார்கள். ஒரு பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம்; சண்டை போட எழுதவில்லை. மூன்று மாதம் அலைந்து, ஐந்து முறை டோக்கன் போட்டு, கடிதம் கைக்கு வந்தது. லெட்டர்ஹெட், தேதி, பெயர், அதற்குக் கீழே நான்காவது வரி: நோய், ஜெண்டர் ஐடென்டிட்டி டிஸார்டர், எஃப் 64.0.

தம்பி கடிதம் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தான். எனக்குத் தொழில் புத்தி. கண் நேராக எண்ணுக்குப் போயிற்று.

முதலில் ஒரு கோடராகச் சொல்கிறேன். அந்த ஒரு வரி இரண்டு புத்தகத்தைக் கலந்து எழுதியது. 'பால் அடையாளக் கோளாறு' என்று ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டும் வழக்கம், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்மின் நான்காம் பதிப்பில், 1994-ல் இருந்தது. அவர்களே அதை 2013-ல் எடுத்துவிட்டார்கள். எஃப் 64.0 என்ற எண்ணோ ஐசிடி பத்தாம் பதிப்பில் இருப்பது. அங்கே அந்த எண்ணுக்குப் பெயர் 'டிரான்ஸ்செக்ஸுவலிசம்'. 'பால் அடையாளக் கோளாறுகள்' என்பது அந்தக் கட்டத்துக்கு மேலே உள்ள தலைப்பு மட்டும். அந்தப் பத்தாம் பதிப்பை உலக சுகாதாரப் பேரவை ஏற்றது 1990 மே மாதத்தில். என் தம்பி பிறப்பதற்கு முன்பு. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் அந்த எண்ணே கிடையாது.

நானும் சுத்தம் என்று சொல்லவில்லை. அமெரிக்கா இன்னும் பத்தாம் பதிப்பைத் தன் வசதிக்கு மாற்றி வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. வாரத்துக்கு ஒரு தடவையாவது எஃப் 64 போடத்தான் செய்கிறேன். முகம் தெரியாத ஆளுக்குப் போடும்போது அது வெறும் எண். தம்பி பெயருக்குக் கீழே பார்த்தபோதுதான் அந்த 'எஃப்' உறுத்தியது. பத்தாம் பதிப்பில் எஃப் என்றால் மனநோய் அத்தியாயம். எஃப் 20 மனச்சிதைவு, எஃப் 32 மனச்சோர்வு, எஃப் 64 என் தம்பி.

பதினோராம் பதிப்பில் அவனுக்கு எச்ஏ 60 என்று ஓர் எண் இருக்கிறது. பெயர், தமிழில் சொன்னால், பாலினப் பொருந்தாமை. மனநோய் அத்தியாயத்திலிருந்து தூக்கி, 'பாலியல் நலம் தொடர்பான நிலைகள்' என்று புதிதாக ஓர் அத்தியாயம் திறந்து அங்கே வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்து மாறினால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வேலையில் ஓர் எழுத்து மாறினால் பில் வேறு, டிபார்ட்மெண்ட் வேறு, ஆளைப் பார்க்கும் பார்வையே வேறு.

இந்தப் பெயர் மாற்றங்களின் கதையை உங்களுக்கே சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனால் நீங்கள் என் தம்பியிடம் கேட்ட கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடப்போய்த்தான் இது எனக்குத் தெரிந்தது. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் 1886-ல் எழுதிய நூலில் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் பைத்தியக் கணக்கில் வருகிறார்கள். அவருக்குப் பின்னால் பெர்லினில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு 1919-ல் ஒரு பாலியல் ஆய்வு நிலையம் தொடங்கி, இவர்களை மனிதராக நடத்திப் பார்த்தார். 1933 மே மாதம் நாஜிகள் புகுந்து சூறையாடி, அங்கிருந்த நூல்களை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். டிஎஸ்எம் முதல் பதிப்பு 1952-ல் வந்தபோது 'மாற்றுப்பால் உடை அணிதல்' பாலியல் பிறழ்வுகளின் வரிசையில் நின்றது. 1973 டிசம்பரில் ஓரினச் சேர்க்கை நோயில்லை என்று அமெரிக்கச் சங்கம் முடிவெடுத்தது. அடுத்த பதிப்பு, 1980-ல், 'டிரான்ஸ்செக்ஸுவலிசம்' என்றும் 'குழந்தைப் பருவப் பால் அடையாளக் கோளாறு' என்றும் இரண்டு புதுப் பெயர்களோடு வந்தது. முன்வாசலில் அனுப்பியதைக் கொல்லைப்புறமாகக் கூட்டி வந்தார்கள் என்று சிலருக்குச் சந்தேகம். எழுதினவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள். 1987-ல் அத்தியாயம் மாறியது. 1994-ல் பெயர் மாறியது. 2013-ல் 'ஜெண்டர் டிஸ்போரியா', அதாவது பாலின மனவேதனை, ஆனது. ஒரே ஆளை அறுபது வருஷத்தில் இத்தனை அறைக்கு மாற்றிய வேறு நோய் உங்கள் புத்தகத்தில் இருக்கிறதா, தெரியவில்லை.

எனக்கு அதில் தங்கிப் படிக்கத் தோன்றிய இடம் ஒன்றுதான். 1966-ல் ஹாரி பெஞ்சமின் என்ற டாக்டர், பால் மாற விரும்புகிறவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதே வருஷம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இவர்களுக்கென்று ஒரு கிளினிக் திறந்தது. அறுவை சிகிச்சை வேண்டும் என்று வருகிறவர்களில் யார் 'உண்மையான' ஆள் என்று பிரிக்க வேண்டும். கையில் இருந்த அளவுகோல் பெஞ்சமின் வரைந்த சித்திரம். வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சித்திரத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தினார்கள். சிறுவயதிலிருந்தே தெரியும், தன் உடம்பைக் கண்டால் அருவருப்பு, மாறிய பிறகு சாதாரணக் கல்யாண வாழ்க்கைதான் ஆசை. டாக்டர்களுக்கு ஒரே திருப்தி. ஏன் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று தெரியவந்ததற்குச் சில வருஷம் பிடித்தது. வந்தவர்களும் அதே புத்தகத்தைத்தான் படித்திருந்தார்கள். கை மாற்றிக் கை மாற்றி எல்லோரும் படித்து, என்ன சொன்னால் கதவு திறக்கும் என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னார்கள். சாண்டி ஸ்டோன் என்ற திருநங்கை ஆய்வாளர் 1991-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதைப் பிட்டுப் பிட்டு வைத்திருக்கிறார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் வரவில்லை.

ஏனென்றால் என் தம்பியின் வாட்ஸப்பில் ஒரு குரூப் உண்டு. மூத்த திருநம்பிகள் இளையவர்களுக்கு வழி சொல்லும் இடம். அவன் முதல்முறை உங்களில் ஒருவரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் அதில் வந்த ஒரு குரல் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினான். "தம்பி, அஞ்சு வயசுலயே தெரியும்னு சொல்லு. பதினெட்டுல தெரிஞ்சுதுன்னு சொல்லாத. காலேஜ்ல ஒரு பையனைப் பிடிச்சிருந்துச்சுன்னு என்கிட்ட சொன்னியே, அதை வாயையே திறக்காத. தூக்கம் வரலைன்னு சொல்லிடாத, டிப்ரஷன்னு எழுதி ஆறு மாசம் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிடுவாங்க. முழுக்கைச் சட்டை போட்டுட்டுப் போ."

ஹாப்கின்ஸ் கிளினிக் 1979-ல் மூடப்பட்டது. பாடம் இன்னும் நடக்கிறது.

தம்பி அப்படியே சொன்னான். அவனுக்கு உண்மையில் தெளிவாகத் தெரிந்தது பதினேழு வயதுக்கு மேல்தான். அதற்கு முன்னால் ஏதோ ஒன்று சரியில்லை என்பது மட்டும் தெரியும். அதற்குப் பெயர் இருக்கிறது என்பது தெரியாது. எங்கள் ஊரில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? திருநங்கைகளையாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பான். திருநம்பி என்று ஒரு சொல் இருப்பதையே மொபைலில்தான் கண்டான். ஆனால் "அஞ்சு வயசு" என்றுதான் உங்கள் ஃபைலில் இருக்கிறது.

அவன் எதிர்கொண்ட கேள்விகளையும் எழுதிவிடுகிறேன். கூடவே உட்கார்ந்திருந்ததால் காதால் கேட்டது. சின்ன வயசில் என்ன விளையாடினாய்? பொம்மை வைத்து ஆடினாயா? மரம் ஏறுவாயா? கோலிக்குண்டு, பம்பரம் உண்டா? எல்லாவற்றுக்கும் தம்பி தலையாட்டினான். எனக்கு வாய் துறுதுறுத்தது. டாக்டர், அந்தக் கோலிக்குண்டு என்னுடையது. தெருவிலேயே நான்தான் அடித்து ஜெயிப்பேன், அவன் பின்னாலிருந்து பொறுக்குவான். வேப்ப மரத்தில் நான் ஏறினதற்கு அம்மாவிடம் வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு இரண்டு பிள்ளைகள். பெண் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

இந்தக் கேள்விகளும் டிஎஸ்எம்மிலிருந்து வந்தவைதான். நான்காம் பதிப்பில், பையனாக இருந்தால் முரட்டு விளையாட்டைக் கண்டு ஒதுங்குகிறானா, பெண்ணாக இருந்தால் ஆண் உடையே வேண்டும் என்று அடம்பிடிக்கிறாளா என்று பார்க்கச் சொல்லியிருந்தது. ஐந்தாம் பதிப்பில்கூட குழந்தைகளுக்கு எட்டு அறிகுறி, ஆறு இருந்தால் நோய். எட்டில் பொம்மையும் விளையாட்டுத் தோழரும் இன்னும் இருக்கிறார்கள். என்ன, 'நான் வேறு பாலினம்' என்ற அழுத்தமான விருப்பம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒரு பூட்டுப் போட்டார்கள். ஐசிடி பதினொன்று ஒரு படி மேலே போய், பால் மீறிய நடத்தையும் விருப்பங்களும் மட்டுமே நோயறியக் காரணமாகாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டது. இருபத்து நான்கு வயது ஆளிடம், அதன் பிறகும், பம்பரத்தைப் பற்றி விசாரிப்பது எதற்காக?

யாரைப் பிடிக்கும் என்ற கேள்வியும் வந்தது. ஆண்களையா, பெண்களையா? 'பெண்களை' என்றான், குரூப்பில் சொல்லிக்கொடுத்தபடி. இந்தக் கேள்விக்கும் பழைய வரலாறு உண்டு. லூ சல்லிவன் என்று ஒரு திருநம்பி, சான் பிரான்சிஸ்கோக்காரர். ஆண்களை விரும்புகிறேன் என்று மறைக்காமல் சொன்னதற்காக ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத் திட்டம் அவரைத் திருப்பி அனுப்பியது. ஆண்களைப் பிடித்தால் பெண்ணாகவே இருந்துவிட்டுப் போகலாமே என்பது அன்றைய தர்க்கம். பிறகு சிகிச்சை வேறு இடத்தில் பெற்று, டாக்டர்களோடு மல்லுக்கட்டி, 1991-ல் எய்ட்ஸில் இறந்தார். யாரை விரும்புகிறார் என்று குறிக்கும் துணைப்பிரிவை 2013-ல் டிஎஸ்எம் நீக்கியது. நம் ஓபியில் இன்னும் நீங்கவில்லை.

மூன்றாவது முறை மைப்பொட்டுப் படங்களைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். ஒன்றில் தம்பிக்கு வௌவால் தெரிந்ததாம். அது நல்லதா கெட்டதா என்று வீடு வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தான். நான்காவது முறை அப்பா அம்மா வர வேண்டும் என்றார்கள். அவனுக்கு வயது 24, வாக்காளர் அட்டை இருக்கிறது, பைக் லோன் கட்டுகிறான். அப்பா வரமாட்டேன் என்றார். அக்கா என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். எதற்குக் கையெழுத்து என்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஐந்து முறையும் "சொல்லும்மா", "வாம்மா", "என்னம்மா பண்ற". கடிதத்தில் 'மிஸ்'. ஒரு ஆளை ஆண் என்று சான்றளிக்கிற கடிதத்திலேயே மிஸ்.

உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் மனம் விட்டுக் கேட்டபோது அவர் சொன்னார்: "நாளைக்கு அந்தப் பிள்ளை வருத்தப்பட்டா, வீட்டுக்காரங்க என் மேலதானே கேஸ் போடுவாங்க?" பயம் புரிகிறது. கடுமையான மனச்சிதைவின் நடுவே ஒருவர் இப்படிச் சொன்னால் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள்தான். சிகிச்சையின் விளைவு என்ன, திரும்ப முடியாதது எது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறதா, தானாக முடிவெடுக்கிறாரா என்று பார்க்க வேண்டியதும் உண்மை. கர்ப்பப்பை எடுக்கிற பெண்ணிடமும் அதைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு வௌவால் தேவைப்படுவதில்லை. குழந்தைகள் விஷயம் தனி. பிரிட்டனில் 2024-ல் வந்த காஸ் அறிக்கை, பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்குச் சான்று பலவீனம் என்றது. அதை ஒட்டி மருத்துவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கிறது. அதில் தலையிட எனக்குத் தகுதி இல்லை. இங்கே பேசுவது வயது வந்தவர்களைப் பற்றி.

பிறகு ஏன் இதற்கு ஓர் எண்? ஒரேயடியாக எடுத்துவிடலாமே, ஓரினச் சேர்க்கையை எடுத்ததுபோல? இதைப் பலர் கேட்கிறார்கள். இங்கே என் தொழில் அனுபவம் உதவும். எண் இல்லாவிட்டால் சிகிச்சைக்குப் பில் இல்லை. ஹார்மோனும் அறுவை சிகிச்சையும் வேண்டியவர்களுக்கு ஏதோ ஒரு எண் வேண்டும். ஆனால் எண் இருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது. கர்ப்பத்துக்கும் எண் உண்டு. ஒரு சிக்கலும் இல்லாத கர்ப்பத்தைக் கவனித்தால் இசட் 34. தினமும் டஜன் கணக்கில் போடுகிறேன். மாசமாக இருக்கிற பெண்ணை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. ஆனால் டாக்டர் வேண்டும், ஸ்கேன் வேண்டும், மாத்திரை வேண்டும். ஐசிடி பதினொன்றில் செய்திருப்பது கிட்டத்தட்ட இதைத்தான். டிஎஸ்எம்மோ வேதனையைக் கட்டாய அறிகுறியாக வைத்திருக்கிறது. அப்படியானால் வேதனை இல்லாமல் நிம்மதியாக இருக்கிற திருநம்பி, சிகிச்சை வேண்டுமானால் வேதனைப்படுவதுபோல் நடிக்க வேண்டும். ஐசிடி அந்த நிபந்தனையை வைக்கவில்லை.

வேதனை எங்கிருந்து வருகிறது என்று ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. மெக்சிகோ நகரத்தில் 250 திருநரை ரெபெக்கா ரோப்லெஸ் குழுவினர் பேட்டி கண்டு 2016-ல் லான்செட் சைக்கியாட்ரியில் வெளியிட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் குடும்பத்திலோ வெளியிலோ ஒதுக்கப்பட்டவர்கள். மனவேதனைக்கும் வாழ்க்கை முடங்கிப்போவதற்கும் அந்த ஒதுக்கலும் வன்முறையும்தான் காரணமாகத் தெரிந்தன. பாலினப் பொருந்தாமையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது காரணமாக நிற்கவில்லை. மனநோய் அத்தியாயத்திலிருந்து அதைத் தூக்கியதற்கு இந்த ஆய்வும் கை கொடுத்தது.

என் தம்பிக்கும் அதுதான் கதை. வீட்டை விட்டு அனுப்பப்பட்ட அந்த எட்டு மாதம் அவன் தூங்கவில்லை. ஒரு மேன்ஷன் அறையில் மூன்று பேரோடு இருந்தான். பாத்ரூம் போகப் பயந்து சாயந்திரத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டான். ஒருநாள் பாலத்தின் மேல் பைக்கை நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தான். நைட் ஷிஃப்ட், போனை லாக்கரில் வைத்திருந்தேன். மூன்று மிஸ்டு கால். நான்காவதாகத் தானே கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டான், பிழைத்தோம்.

உங்களிடம் வந்த ஐந்து முறையில் ஒருமுறைகூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் கடிதம் தள்ளிப்போகும் என்று குரூப்பில் சொல்லியிருந்தார்கள். மன அழுத்தத்துக்கு வைத்தியம் பார்க்கவே படித்த ஒருவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தனக்கு மன அழுத்தமே இல்லை என்று சாதித்துவிட்டு வந்தான். அவர் இல்லாத நோயைப் பக்கம் பக்கமாக எழுதினார். இருந்த நோய் கண்ணில் படவேயில்லை. வாசலில் காவலுக்கு நிற்கிற ஆளிடம் யார் டாக்டர் மனக்கஷ்டத்தைச் சொல்வார்கள்? இந்த மடலில் நான் சொல்ல வந்தது முழுக்க இது ஒன்றுதான்.

சட்டம் உங்களைக் காவலுக்கு நிறுத்தியிருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தேன். 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் திருநருக்காகத் தொடுத்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில் 'உளவியல் சோதனை' என்று ஒரு சொல் வரத்தான் செய்கிறது. உடலைப் பரிசோதிக்காதே, அந்த ஆளின் மனம் சொல்வதைக் கேள் என்ற பொருளில். அதே தீர்ப்பு, பாலினத்தைத் தானே முடிவு செய்வது அவரவர் உரிமை என்கிறது. அறுவை சிகிச்சையைக் கட்டாயப்படுத்துவது சட்டவிரோதம் என்கிறது. 2019-ன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விதி எழுதியபோது, முதல் வரைவில் அடையாளச் சான்றுக்கு உளவியலாளர் அறிக்கை கேட்டிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். 2020 செப்டம்பரில் வந்த விதிகள், மருத்துவப் பரிசோதனை இல்லாமல் உறுதிமொழிப் பத்திரத்தை வைத்தே கலெக்டர் சான்று தரலாம் என்றன.

உங்களுக்கென்றே வந்த சட்டம், 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், இன்னும் நேரடி. அதன் மூன்றாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மனநோய் எது என்று தீர்மானிக்கும் தரம் பற்றிச் சொல்லும்போது, உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் 'மிக அண்மைப் பதிப்பு' என்று போட்டிருக்கிறது. ஒருவர் தன் சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு மதிப்புகளுக்கு ஒத்துப்போகாததை வைத்து மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மிக அண்மை என்றால் 1990 இல்லை.

நம் ஊருக்கு இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது என்பதால்தான் எரிச்சல் கூடுதலாக வருகிறது. திருநங்கையருக்கு நல வாரியம் 2008-லேயே அமைத்த மாநிலம். அரசு மருத்துவமனையில் காசில்லாமல் அறுவை சிகிச்சை செய்த மாநிலம். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். நாற்காலியில் இருக்கிற ஒருவர் எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னதை நான் என் வாழ்நாளில் அதிகம் பார்த்ததில்லை. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான், பால் விருப்பத்தையும் பால் அடையாளத்தையும் 'மாற்றும்' சிகிச்சை தொழில் ஒழுக்கக்கேடு என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் மாநில கவுன்சில்களுக்கு எழுதியது.

அதே ஆணையம் 2024 ஆகஸ்டு கடைசியில் தடயவியல் மருத்துவப் பாடத்திட்டத்தில் பெண் ஓரினச் சேர்க்கையை 'இயற்கைக்கு மாறான குற்றம்' என்று மறுபடியும் எழுதி வைத்து, கூச்சல் எழுந்ததும் செப்டம்பர் 5 அன்று திரும்பப் பெற்றது. அந்தத் தாளிலும் மாற்றுப்பால் உடை அணிதல் பிறழ்வுகளின் பட்டியலில் இருந்தது. 1952-ன் அதே வரி. பழைய எண்கள் சீக்கிரம் சாவதில்லை டாக்டர். எங்கள் டேட்டாபேஸிலும் அப்படித்தான்.

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. போன வருஷம் வேறு ஊரில் ஒரு டாக்டரிடம் தம்பியைக் கூட்டிப்போனேன், தூக்கத்துக்காக. வயதானவர். ஃபைலைப் புரட்டினார், ஆதாரில் பழைய பெயர் இருந்தது, நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க தம்பி, என்ன பேர்ல கூப்பிடட்டும்?" என்றார். தம்பி பெயரைச் சொன்னான். "கடிதம் ஏதாவது வேணும்னா முதல்ல அதை எழுதிக் கொடுத்துடறேன். அப்புறம் நிதானமா பேசலாம்" என்றார். கடிதம் ஏற்கெனவே இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் பாலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தான். நாற்பது நிமிஷம். நான் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆக, புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. கடிதத்தை முதலில் கொடுத்துவிட்டு வைத்தியத்தைப் பிறகு பாருங்கள். அல்லது இரண்டையும் வேறு வேறு நாளில், முடிந்தால் வேறு வேறு ஆட்கள் பாருங்கள். வயது வந்தவரிடம் அப்பா கையெழுத்தைக் கேட்காதீர்கள். பம்பரத்தை விட்டுவிடுங்கள். மருத்துவமனை சாஃப்ட்வேரில் பதினோராம் பதிப்பு இல்லையென்றால், உங்கள் சங்கக் கூட்டத்தில் அதை ஒரு தீர்மானமாகப் போடுங்கள். நீங்கள் கேட்டால் மாற்றுவார்கள், எங்களைப் போன்றவர்கள் கேட்டால் மாற்றமாட்டார்கள். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த 2023 கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்லி இரண்டு முறை போனோம். முதல்முறை டாக்டர் லீவு. இரண்டாவது முறை கவுண்ட்டரில் இருந்த பெண், "சிஸ்டத்துல அந்த நம்பர்தான் வருது மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள். அவள்மேல் கோபம் இல்லை. என் வேலைதான் அவளுக்கும். அடுத்த மாதம் மார்பு அறுவை சிகிச்சைக்கு வேறொரு மருத்துவமனைக்குப் போகிறோம். அங்கேயும் இதே கடிதத்தின் நகலைத்தான் வைக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் இருக்கலாம். புதிதாக டைப் அடிக்க வேண்டாம் டாக்டர். நான்காவது வரியைப் பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்து, மேலே எச்ஏ 60 என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து. அப்படியே 'மிஸ்' என்பதையும். இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு திருநம்பியின் அக்கா,
திருச்சி